சம்பந்தியம்மாவோடு திராட்சைத் தோட்டத்துக்கு

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நானும் அவரும் சுகம். கடை அடுப்பும் சுகம்; போன வாரம்தான் புகைபோக்கியைச் சுத்தம் செய்தோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே செய்கிற வேலையில் நீங்களும் நானும் ஒரே கட்சி. அதனால்தான் முதலில் காலை விசாரிக்கிறேன்.

போன் செய்யலாம்தான். ஆனால் நீங்கள் நர்ஸாக ஆபரேஷன் அறையில் நிற்கும்போது உங்கள் போன் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நீங்கள் திரும்பக் கூப்பிடுகிற நேரத்தில் என் இரண்டு கையும் மாவுக்குள் இருக்கும். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது என்ற வசதியும் உண்டு.

விஷயம் இதுதான். நம் கடைக்கு ரொட்டி வாங்க வருகிற ஒரு பெண், ஆள் சேர்த்து வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவள். கடையில் எல்லோரும் அவளைப் பயணக்காரி என்றே கூப்பிடுகிறோம். ஒரு பஸ் நிறைய ஜனத்தை அடைத்து, கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிற ரகம் இல்லை. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கவே மாட்டாளாம். ஒரு சின்ன வேன். திராட்சை விளைகிற ஊர்களாகப் பார்த்துப் போவது, அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுவது, ஒயின் ருசிப்பது. பிடித்துவிட்டால் இன்னொரு நாள் தங்கலாம், பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டலாம். "திட்டம் உங்களுது. வண்டி மட்டும்தான் எங்களுது" என்கிறாள்.

நாம் போனால் என்ன? நீங்கள், நான், அவர், நம் பிள்ளைகள் இருவர். மீதிக்கு ஆள் பிடித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் பிறகு நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். அதிலும் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விடுவீர்கள்.

ஒயின் விஷயத்தில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஒரே ஒரு தடவை குடித்திருக்கிறேன். கேக்கில் ஊற்ற வாங்கியது. ருசி பார்க்கிறேன் என்று தொடங்கி, கடைசியில் கேக்குக்கு இல்லாமல் போய்விட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு நான் நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. தாங்களும் அண்ணாவும் நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்புரை ஆபரேஷன்கள் இந்த மாதம் அதிகம்.

நான் வருகிறேன். ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அதற்குப் பிறகு எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். இப்படி ஒரு வாக்கியத்தை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

ஒயின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடமாக ஸ்பிரிட் வாசனையிலேயே நின்றிருக்கிறேன், வாசனைக்கு மயங்குகிற ஆள் இல்லை. ருசித்ததில்லை. ருசித்துப் பார்ப்பதில் ஆட்சேபணையும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தூங்க வைக்கிற மயக்க டாக்டரம்மாவும் வர ஆசைப்படுகிறார். அதிகம் பேசமாட்டார். எங்கே போனாலும் தானே தன் பையைத் தூக்கிக்கொள்வார். அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பிள்ளைகளின் வேலை நேரம் எப்படி அமையும் என்று தெரியவில்லை. என் மகன் லிஃப்ட் கம்பெனியில் புதிதாக ஒரு பொறுப்பை ஏற்றிருக்கிறான். அவனைக் கேட்டுச் சொல்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


மார்ச் 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் வருகிறேன் என்று எழுதியதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே யாவரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மயக்க டாக்டரம்மாவைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்வோம். வேனில் யாராவது ஓயாமல் பேசினால் அவரிடம் ஒரு ஊசி இருக்கும் அல்லவா? அந்த யாராவது பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். எதிர்த்த கடை போட்டோ ஸ்டூடியோக்காரரும் அவர் மனைவியும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிய பிறகு பயணக்காரி வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். நான்கு மூலைக்கும் மாவு டின்களை வைத்தோம். மலைச்சரிவில் ஒரு தோட்டம், அங்கே நாமே பழம் பறிக்கலாம். பாலாடைக்கட்டியைக் குகைக்குள் வைத்து முதிர வைக்கிற ஒரு ஊர். ஒரு குடும்பத்தோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற ஒரு நாள். நான் இன்னும் இன்னும் என்று சேர்த்துக்கொண்டே போனேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நாளையாவது காலியா விடுங்கம்மா. ஒண்ணும் போடாத நாள்லதான் ஏதாவது நடக்கும்" என்றாள். சரி, ஒரு நாளை விட்டு வைத்தோம். எந்த நாள் என்று பிறகு சொன்னால் போதுமாம்.

இவர்தான் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறார். காலுக்குக் கீழே தரை இல்லாத இடத்தில் தனக்குச் சாப்பாடு இறங்காதாம். பேசிப் பார்க்கிறேன்.

மகள் ஒரு வாரம் லீவில் வந்திருக்கிறாள். பாங்கில் கணக்கு முடிக்கிற மாதத்தில் எப்படி லீவு கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், கொடுத்துவிட்டார்கள். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 12

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். தங்கள் வீட்டில் அனைவரின் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

பழம் பறிக்கும் தோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. குகையும் சரிதான், படிகள் எத்தனை என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. அக்டோபர் மாதம் எனக்கு வசதி.

என் மகனும் இங்கே வந்திருக்கிறான். இந்த ஊரில் அவர்கள் பொருத்திய லிஃப்ட் ஒன்று நடுவில் நின்றுவிடுகிறதாம், அவனே நேரில் பார்க்க வேண்டுமாம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன், மாற்றினான். பிறகு சமையலறைக் குழாயை மாற்றினான். நேற்று, ஒழுகாத குழாயையும் மாற்றிவிட்டான்.

பிள்ளைகள் இருவருக்கும் இப்போதே இடம் பிடிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்தக் காலத்தில் லீவு கிடைப்பது நம் கையில் இல்லை. சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

தங்கள் மகளுக்கு என் அன்பு. அவளுக்குத் தைத்துக்கொள்ள ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


மே 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் கடைக்கு வெளியிலும் அடுப்பு கடைக்குள்ளும் என்று இரண்டும் போட்டி போடுகின்றன. மற்றபடி குறையில்லை.

நீங்கள் சொன்னபடி பயணக்காரியிடம் எட்டை ஆறாக்கச் சொன்னேன். முகம் சுளிப்பாளோ என்று பார்த்தேன். "மாத்திக்கலாம்மா, அதுக்குத்தானே இப்படி வச்சிருக்கோம்" என்று ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். குகைக்குப் படிகளே இல்லை, சாய்தளம்தான். கேட்டுவிட்டேன்.

அவர், விமானத்தில் ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரம் கிடைத்தால் யோசிக்கிறேன் என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். அவர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் நானும் ஒரே அறையில் தங்கலாமா? அவர் விளக்கை அணைத்தவுடன் தூங்கிவிடுவார். எனக்கு அதற்குப் பிறகுதான் பேச்சே வரும். குறட்டை விடுவேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

மகள் நலம். இன்று விடியற்காலை அவள்தான் மாவு பிசைந்தாள். உங்கள் துணி வந்தது, அவளுக்கு நிறம் எடுப்பாக இருக்கிறது.

லிஃப்ட் சரியாகிவிட்டதா?

உங்கள் சம்பந்தி


ஜூலை 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகமா? என் போன கடிதம் கிடைத்ததா, இல்லையா என்றே தெரியவில்லை. ஏதாவது மனம் கோணும்படி எழுதிவிட்டேனா? ஒரே அறை என்று எழுதியது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மறந்துவிடுங்கள், தனித்தனி அறைக்குச் சொல்லிவிடலாம்.

நீங்கள் ஓய்வு பெறுகிற நாளன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கேக் அனுப்பினேன். உடையாமல் வந்து சேர்ந்ததா? நாள் முழுக்க அதே நினைப்புதான்.

ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 15

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். கேக் உடையாமல் வந்தது.

நீங்கள் எதுவும் தப்பாக எழுதவில்லை. மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் உங்களிடம் மறைத்துக்கொண்டு திட்டம் போடுவது நியாயமில்லை என்று பட்டது. உண்மையை எழுதவும் கை வரவில்லை. அதனால் எதையுமே எழுதவில்லை. என் மகனிடம் நான் குறை சொல்கிற பழக்கம் எனக்கும் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நம் பிள்ளைகள் பிரிகிறார்கள். உங்கள் முதல் கடிதம் வந்த அதே வாரம் என் மகன் போனில் சொன்னான்.

"சண்டையாடா?" என்று கேட்டேன்.

"சண்டை இல்லம்மா. சண்டை போடக்கூட ஒண்ணும் இல்லாமப் போச்சு. ஒரு வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவ சொல்லிக்கறேன்னா. அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பயணத்துக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிகிற வரைக்கும் இந்தப் பயணம் இருக்கும், தெரிந்த அன்று இருக்காது என்று நினைத்தேன். அதற்குள் இன்னொரு கடிதம் வரட்டும், இன்னொரு ஊரைப் பற்றி எழுதட்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களிடமிருந்து உறை வரும்போதெல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பிரித்திருக்கிறேன். உள்ளே பார்த்தால் வேன், குகை, மாவு டின் என்று ஏதாவது இருக்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "சிஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று வார்டு பெண்கள் கேட்டார்கள்.

ஓய்வு பெற்றதற்கு ஒரு சூட்கேஸ் பரிசளித்தார்கள். பயணம் பற்றி மயக்க டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உங்கள் கேக்கை வெட்டும்போது, "யாரு அனுப்பினது?" என்று ஒருவர் கேட்டார். "சம்பந்தி" என்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு அந்தச் சொல் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன்.

என் மகன் கெட்டவன் இல்லை. உங்கள் மகளும் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சூட்கேஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.

அண்ணாவுக்கு என் வணக்கம்.


ஆகஸ்ட் 3

அன்புள்ள சிஸ்டருக்கு,

உங்கள் ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது, நானும் கூப்பிடுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு உங்கள் கடிதம் படித்த அன்று மட்டும் கொஞ்சம் படபடப்பு, இப்போது இல்லை.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். ஒரு வார லீவுக்கு வருகிறவள் இரண்டு பெட்டியும் தையல் மெஷினும் கொண்டு வருவாளா? வாசலில் இறங்கும்போதே புரிந்துவிட்டது. முதல் பத்து நாள் உங்கள் மகனைத் திட்டித் தீர்த்தேன். மாவை அடித்த அடியில் அந்த வாரம் ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது, வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். மகள்தான் ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவரு நல்லவர்தாம்மா. நல்லவரோட இருந்தும் தனியா இருக்கற மாதிரியே இருந்துச்சு. அவ்வளவுதான். திட்டாத" என்றாள்.

பிறகு நான் ஏன் சொல்லவில்லை? உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் கௌரவம் பார்த்து ஒதுங்கிவிடுவீர்கள் என்றுதான். நீங்கள் அங்கே என்னை நினைத்துப் பயந்திருக்கிறீர்கள், நான் இங்கே உங்களை நினைத்துப் பயந்திருக்கிறேன். காதும் காதும் வைத்தாற்போல் ரகசியம் காத்தோம், இரண்டு பேருக்கும் தெரிந்த ரகசியத்தை!

ஆனால் இவர் குதித்தார். போன சனிக்கிழமை, கடையில் ஆட்கள் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ணு வாழ்க்கை நடுத்தெருவுல நிக்குது. நீ அந்தப் பையனோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒயின் குடிக்கப் போறியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

நான் வாயெடுப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து தூரிகையோடு வந்தாள்.

"என் வாழ்க்கை எந்தத் தெருவுலயும் நிக்கலப்பா. இங்க நின்னு பன்னுக்கு முட்டை தடவிக்கிட்டு இருக்கு."

வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கல்யாணத்துல எனக்கு ஒண்ணும் சரியா அமையல. அம்மாவுக்காவது ஒரு நல்ல ஆள் கிடைச்சாங்க. அதையும் எதுக்கு விடணும்?" என்றாள்.

சாயங்காலம் இவர், தான் வரவில்லை என்றும், நான் இல்லாத நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். அவர் சம்மதம் அப்படித்தான் வரும்.

ஆக ஐந்து பேர். பயணக்காரி ரப்பரோடு தயாராக இருக்கிறாள். நீங்கள் வருகிறீர்களா? ஒரே ஒரு வரி போதும்.

காத்திருக்கிற,
ரொட்டிக்கடைக்காரி


செப்டம்பர் 5

அன்புள்ள ரொட்டிக்கடைக்காரிக்கு,

கேட்ட ஒரு வரி: வருகிறேன்.

மற்ற வரிகள் இனிமேல். நான் நலம். கால்வலிக்குத் தினமும் நடக்கிறேன், மலைச்சரிவுக்குப் பழகட்டும் என்று. கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தார்கள். சிரிக்கக் கூடாது என்றார்கள். அது இப்போது எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஒரு சிக்கல். உங்கள் மகள் சொல்லியிருப்பாள். கோர்ட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போடுகிற நாள் நம் பயணத்தின் நடுவில் வந்து விழுந்திருக்கிறது. பயணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று என் மகனிடம் சொன்னேன். அவன், "வேண்டாம்மா. நீ இங்க இருந்தா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்ப. அத்தைகூட இரு. எனக்கும் அதுதான் நிம்மதி" என்றான். அவன் வாயிலிருந்து இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் வருவது அபூர்வம். அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

நாம் காலியாக விட்டு வைத்த நாளை அந்தத் தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள். அன்று எந்தத் தோட்டமும் வேண்டாம்.

குறட்டை பரவாயில்லை. வார்டில் ஒரே நேரத்தில் பல சுருதி கேட்டவள்.

அன்புடன்,
சிஸ்டர்


அக்டோபர் 19

என்னங்க,

நல்லபடியாக இருக்கிறீர்களா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அடுப்பின் வலது மூலையில் சூடு அதிகம், தட்டைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். போனில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள், அதனால் இதையும் எழுதித்தான், தாளைப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன்.

நாங்கள் தங்கியிருப்பது சரிவில் ஒரு பழைய கல் வீடு. ஜன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. ஒயின் ருசிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும், கடைசியில்தான் வாயில் வைக்க வேண்டும். தோட்டக்காரர் விளக்கி முடிப்பதற்குள் நான் குடித்துவிட்டேன். சிஸ்டர் ஒவ்வொரு கிளாஸையும் ஊசி மருந்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பு அவருக்குத் துவர்ப்பாம், வெள்ளை பிடித்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார், அவர் மனைவி எல்லாவற்றையும் சாப்பிடுகிறார். மயக்க டாக்டரம்மா வேன் கிளம்பியவுடன் தூங்கிவிடுகிறார்.

நேற்றுதான் அந்தக் காலி நாள். மற்ற மூவரும் பயணக்காரியோடு சந்தைக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் ஊருக்குள் நடந்தோம். இரண்டு பேர் கையிலும் போன். எவ்வளவு நேரம்தான் பேசாமல் நடப்பது? நான்தான் ஆரம்பித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

"உங்க பையன் ஒரு கல்லுளிமங்கன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தா இன்னிக்கு இந்த நிலைமை வந்திருக்காது" என்றேன்.

சிஸ்டர் நின்றுவிட்டார். "பேச இடம் கொடுத்தாத்தானே? உங்க பொண்ணு மூச்சு விடாம பேசுவா. யார் மாதிரின்னு நான் சொல்லணுமா?"

"சொல்லுங்க. யார் மாதிரி?"

"உங்களை மாதிரிதான்!"

"அப்ப அவன் யார் மாதிரி? ரெண்டு மாசம் ஒரு வரி பதில் போடாம உட்கார்ந்திருந்தது யாரு?"

நடுத்தெருவில், தெரியாத ஊரில், இரண்டு கிழவிகள். ஒரு ஆள் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அதற்குப் பிறகு சிஸ்டர் தெருவின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆனால் ஒரே வேகத்தில்தான் நடந்தோம். அவர் கால் வலிக்குமே என்று நான் மெதுவாக நடக்க, நான் பின்தங்குகிறேனே என்று அவர் மெதுவாக நடந்திருக்கிறார். பிறகு சொன்னார்.

தெருமுனையில் ஒரு குட்டைச் சுவர். அவர் ஒரு கோடியில் உட்கார்ந்தார், நான் மறு கோடியில். அப்போது என் போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் அவருடையதும் அடித்தது.

"முடிஞ்சுதும்மா" என்றாள் நம் மகள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. வெளியே மரத்தடியில் நிற்கிறாளாம், அவன் கொஞ்சம் தள்ளி நிற்கிறானாம். எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு! பிறகு அவள், "அத்தை பக்கத்துல இருக்காங்களா? குடு" என்றாள். நான் எழுந்து போனை நீட்டினேன். சிஸ்டரும் அதே நேரம் எழுந்து தன் போனை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

மாற்றிக்கொண்டோம்.

"அத்தை" என்றான். அப்புறம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. எத்தனை நாள் மனதுக்குள் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன்! எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சாப்பிட்டியாப்பா?" என்றேன். "இன்னும் இல்ல அத்தை." "ரெண்டு பேருமே காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க. எதிர்ல ஏதாவது கடை இருக்கா பாரு. அவளையும் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் அவங்கவங்க வழியில போங்க." "சரி அத்தை" என்றான். அழுதான் என்று நினைக்கிறேன்.

சுவரின் அந்தக் கோடியில் சிஸ்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகுது. அதுங்களுக்கு ஏன் போகல?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நாம ஒரே வீட்டுல இல்லையே."

"ஒரு வாரமா ஒரே ரூம்ல இருக்கோமே, உங்க குறட்டையோட."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதோமா, அழுதுகொண்டே சிரித்தோமா, தெரியவில்லை. எதிரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. பாஷை தெரியாமல் விரலால் காட்டி என்னென்னவோ வரவழைத்தோம். மீன் வந்தது, வறுத்த கத்தரிக்காய் வந்தது, ரொட்டி வந்தது. ரொட்டியின் அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிளாஸ் வெள்ளை ஒயின். கடைக்கார அம்மாள் எங்கள் கண்களைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தானாகவே கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் பங்கு போட்டுக்கொண்டோம்.

மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டுக்காரி


டிசம்பர் 12

அன்புள்ள ரொட்டிக்கடைக்காரிக்கு,

நலமா? அண்ணா நலமா? நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்கூடச் சமாதானத்துக்கு வந்திருக்கிறது. மயக்க டாக்டரம்மா ஸ்டூடியோக்காரர் அனுப்பிய படங்களைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் நீங்கள் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

என் மகன் தன் ஊரிலேயே இருக்கிறான். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். முன்பு "நல்லாருக்கேன்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இப்போது என்ன சமைத்தான், எது தீய்ந்தது என்றெல்லாம் சொல்கிறான். தாமதமாகத்தான் வாய் திறந்திருக்கிறது. இனி வருகிறவர்களுக்காவது பயன்படட்டும்.

அன்று நான் சுவரில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் மகள் போனில் என்னிடம் என்ன பேசினாள் என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம். பெரிதாக ஒன்றும் இல்லை. "அத்தை, கால் மாத்திரை போட்டீங்களா? மேட்டுல நடக்காதீங்க. அம்மா வேகமா நடந்தா இழுத்து நிறுத்துங்க" என்றாள். கோர்ட் வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் சொன்னாள்.

இப்போது எழுத வந்த விஷயம். போன புதன்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் உங்கள் மகள். பாங்கு வேலையாக இந்த ஊருக்கு வந்தாளாம். உங்கள் கடைப் பன் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். நானும் ஒரு நிமிஷம் அப்படியேதான் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் குப்பை கொட்ட வெளியே வந்தார். எங்கள் வீட்டு விஷயம் அரைகுறையாக அவர் காதில் விழுந்திருக்கிறது. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாமியாரைப் பாக்க வந்தியா?" என்றார். குரலில் ஊசி இருந்தது.

உங்கள் மகள் திரும்பி, சாவகாசமாகச் சிரித்தாள்.

"இல்லம்மா. எங்க அம்மாவோட ஃபிரெண்டைப் பாக்க வந்தேன்."

முதலில் சுருக்கென்றது, மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று வருடம் என் மருமகளாக இருந்த பெண். ஆனால் கதவைச் சாத்திவிட்டு டீ போட உள்ளே போனபோது, அந்த வார்த்தையை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மனைவி, அம்மா, சிஸ்டர், மாமியார், சம்பந்தி என்று எல்லாமாக இருந்திருக்கிறேன். இது மட்டும் நானே தேடிக்கொண்டது. சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, இன்னொரு கப் கேட்டாள்.

சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். உங்களை மாதிரியேதான், மூச்சு விடாமல். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்கள் சிநேகிதி